ஒரு இஞ்சுக் குழி

வார்டன் ஆரோக்கியராஜோட இடது கண்ணு கதிர்வேல் மேலேயே இருந்துச்சு.

நாற்காலியில ஒருக்களிச்சு உக்காந்து பேப்பர்தான் படிச்சுக்கிட்டு இருந்தாரு. பக்கம் பக்கமாத் திருப்பவும் செஞ்சாரு. ஆனா அந்தக் கண்ணு மட்டும் பேப்பர் பக்கம் போகவே இல்ல.

மலை மேல குண்டூர் நாட்டு ஹாஸ்டல்ல நாப்பது கதவு மாத்தணும். வேலை கேட்டு மலையேறி வந்த கதிர்வேல், கீழ பேளுக்குறிச்சியில அஞ்சு வருசம் தச்சு வேலை பாத்ததாச் சொல்லியிருந்தான்.

பாத்தது ரெண்டு மாசம். அதுவும் உப்புத்தாள் தேய்ச்சது.

வார்டன், மூலையில கெடந்த பலாக்கட்டைத் துண்டுகளைக் காட்டுனாரு. "தம்பி, இதுல ஒரு இஞ்சு அகலத்துக்குக் குழி போடு. அடி கிண்ணமாட்டம் உருண்டையா இருக்கோணும், எங்கயும் உறுத்தக் கூடாது. நல்லா வந்தா நாப்பது கதவும் உனக்குத்தான்."

எதுக்குன்னு கதிர்வேல் கேக்கல. அஞ்சு வருசக்காரன் கேக்க மாட்டான்.

வேலை கெடச்சிருச்சுன்னு காலையிலேயே அம்மாவுக்குப் போன் போட்டும் சொல்லிட்டான்.

ட்ரில்லுல தட்டை அலகு இருக்குற பிளாட் பிட்டு மாட்டுனான். வட்டம் அழகா வந்துச்சு. அடி தோசைக்கல்லாட்டம் தட்டை. நடுவுல பிட்டோட முள்ளு எறங்குன ஓட்டை வேற.

அந்தக் கட்டையை மெல்லத் தொடைக்கு அடியில தள்ளுனான்.

கண்ணு பாத்துச்சு.

இருந்ததுலயே தடியான முறுக்கு பிட்டை மாட்டுனான். குழி கூம்பாட்டம் எறங்குச்சு. அதையும் தொடைக்கு அடியில தள்ளுனான். இப்ப உக்கார முடியாம ஒரு பக்கம் சாஞ்சுதான் உக்காந்தான்.

அதையும் பாத்துச்சு.

வேற வழியில்ல. பிளாட் பிட்டு மேல ரெண்டு ரூபா காசை வச்சு அரைவட்டம் கீறுனான். முள்ளையும் ரெண்டு மூலையையும் கிரைண்டர்ல கொடுத்துத் தேய்ச்சான். பிட்டு நுனி பாதி நெலா மாதிரி ஆச்சு.

முள்ளு போன பிட்டு மரத்துல நிக்காம வழுக்கிட்டு ஓடுச்சு. மொதல்ல வட்டமா அறுக்குற ஹோல்சா பிட்டால லேசா ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள்ள இதை நிறுத்தி அழுத்துனான். பலாத்தூள் மஞ்சளாப் பறந்துச்சு.

குழி உருண்டையா வந்துச்சு.

கடைசியா உப்புத்தாள் போட்டான். அது மட்டும் ரொம்ப நல்லா வந்துச்சு.

ஆனா அந்தக் கண்ணு முழுக்கப் பாத்துருச்சே. மறைக்க இனி என்ன இருக்கு. எல்லாத்தையும் சொல்லிப்புடலாம்னு கதிர்வேல் வாயைத் தொறந்தான். "ஏனுங்க சார், நான் வந்துங்க…"

"அட, முடிஞ்சுதா? ட்ரில்லு சத்தம் நின்னதே தெரியல எனக்கு." வார்டன் பேப்பரை மடிச்சு வச்சுட்டு, அப்பத்தான் முகத்தை முழுசா இவன் பக்கம் திருப்புனாரு.

கட்டையை வாங்கிக் குழிக்குள்ள பெருவிரலை ஓட்டுனாரு. சொம்புல இருந்து கொஞ்சம் தண்ணி ஊத்துனாரு. அப்பறம் இடது கீழிமையை அழுத்தி, கண்ணைக் கழட்டி அதுக்குள்ள வச்சாரு.

கச்சிதமா உக்காந்துச்சு.

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துரு தம்பி."

வார்டன் மூஞ்சி கழுவக் குழாயடிக்குப் போனாரு. கதிர்வேல் தொடைக்கு அடியில கெடந்த ரெண்டு கட்டையையும் எடுத்துப் பைக்குள்ள போட்டான்.

தண்ணிக்குள்ள இருந்து அது பாத்துக்கிட்டே இருந்துச்சு.