காற்றுப் புகாத பை

இரண்டாவது பையும் ஒட்டவில்லை.

ஹஃபீசா பேக்கிங் மெஷினின் மூடியைத் திறந்து பார்த்தாள். பையின் வாயோரம் ஈரம் கோடாக நின்றது. துண்டுகளில் இருந்த தண்ணீரையும் காற்றோடு சேர்த்து மெஷின் இழுத்திருக்கிறது. ஈரத்தில் சூட்டுக்கம்பி பிடிக்கவில்லை.

துண்டுகளை வெளியே எடுத்து, கணவன் ஜலாலின் பழைய கைலியில் ஒவ்வொன்றாக ஒற்றினாள். மஞ்சள் தண்ணீரில் போட்டு எடுத்த, விரல் கனத்துத் துண்டுகள். வஞ்சிரத்தை அந்தக் கனத்தில்தான் வெட்டுவார்கள்.

மெஷின் வந்து மூன்று நாள்தான் ஆகிறது. பர்மா பஜாரில் ஜலால் மூன்று மாடல்களை இறக்கச் சொல்லி, மூன்றையும் ஓட்டிப் பார்த்திருக்கிறான். எது நன்றாக உறிஞ்சும் என்று கேட்கவில்லை. எது குறைவாகச் சத்தம் போடும் என்று கேட்டிருக்கிறான்.

"இன்னா பாய், மீனை பேக் பண்ணப் போறியா, வூடு பூந்து திருடப் போறியா?" என்றாராம் கடைக்காரர்.

ஜலால் அதைச் சொல்லிச் சிரித்தபோது அவளும் சிரித்தாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

இரும்புலியூரில் இந்த மாடிப் போர்ஷன் கிடைப்பதற்கு முன்னால் பதினோரு வீடு பார்த்தார்கள். போனில் எல்லாம் சரியாகவே போகும், பெயரைக் கேட்கும்வரை. கேட்டதும், அன்று காலையில்தான் வேறு யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

கீழ்வீட்டு ஸ்ரீநிவாசராகவன் மட்டும் பெயரைக் கேட்ட பிறகும் சாவியைக் கொடுத்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். வீட்டுக்குள் மீன், கறி வரக்கூடாது.

ஜலால் உடனே தலையாட்டினான். மகள் ரூக்சாருக்குப் பத்தாவது. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. இப்போது டிசம்பர், மார்ச்சில் பரீட்சை.

குடிவந்த முதல் இரண்டு மாதம் ரூக்சார் மீன் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். விட்டதுதான் ஹஃபீசாவைக் குடைந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறன்று வீட்டுக்காரரும் அவர் மனைவி ரமா மாமியும் தங்கள் மகள் சின்மயி வீட்டுக்குப் போவார்கள். சிறுசேரியில் வேலை கிடைத்ததும் கேளம்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கியவள். இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். அன்று ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துப் பொரிக்கலாம். முடிந்ததும் சாம்பிராணி போட்டுவிடலாம்.

ஆனால் அன்று பத்து மணிவரை அவர் கேட்டருகே பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். மீன் பையோடு அவரைத் தாண்ட முடியாது. அவர்கள் கிளம்பிய பிறகு கடைக்குப் போனால் நல்ல மீன் தீர்ந்திருக்கும். முன்னாலேயே வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தால் வாடை வரும்; தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க அவர் தினம் இரண்டு தடவை இந்தச் சமையலறை வாசலைத் தாண்டித்தான் மொட்டைமாடிக்கு ஏறுவார்.

அதற்காகத்தான் மெஷின்.

மூன்றாவது பையை வைத்து, மூடியை இரண்டு கையாலும் அழுத்தினாள். மெல்லிய உறுமல். பை சுருங்கித் துண்டுகளை இறுக்கிக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது.

எடுத்து மூக்கோடு வைத்துப் பார்த்தாள். பிளாஸ்டிக் வாசனை மட்டும்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

பையை ஃபிரீசரில் தள்ளி, மெஷின்மேல் டவலைப் போட்டு மூடிவிட்டுப் போய்த் திறந்தாள். ஸ்ரீநிவாசராகவன் கடைசிப் படியிலேயே நின்றார். மேல்துண்டு மூக்கில் இருந்தது.

"இங்க பாரும்மா, உங்க பழக்கம் உங்களுக்கு. நான் தப்பே சொல்லமாட்டேன். ஆனா மத்தியானம் தொட்டி பாக்க வரச்சயே மீன் நாத்தம் தூக்கி அடிச்சுது. மாமிக்கு வாந்தியே வந்துடுத்து."

"இல்ல சார், நாங்க..."

"மூக்கு பொய் சொல்லாதும்மா. பொங்கலுக்குள்ள வேற இடம் பாத்துக்கோங்கோ. நான் சண்டை போடற மனுஷன் இல்லை."

குரல் உயரவே இல்லை. படிக்கட்டின் திருப்பத்தில், எதன்மீதோ பட்டுவிடக்கூடாது என்பதுபோல் சுவரோரம் ஒதுங்கி இறங்கினார்.

அவள் உள்ளே வந்து ஃபிரீசரைத் திறந்தாள். பையை எடுத்துக் கத்தரியால் வெட்டினாள். காற்று உள்ளே போன சின்னச் சத்தம். தளர்ந்த பையிலிருந்து வாழைக்காய்த் துண்டுகள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன.

வஞ்சிரம் விற்கிற விலைக்கு அதில் கை பழக முடியாது என்று வாழைக்காயில் ஒத்திகை பார்த்திருந்தாள். மீனை ஜலால் நாளைக்குத்தான் வாங்கிவருவதாக இருந்தது.

தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். கீழே கொண்டுபோய்க் காட்டலாம். காட்டினால், வாழைக்காயை எதுக்கும்மா இப்படி ஒளிச்சு வைக்கறேள் என்று கேட்பார். கணக்கு வாத்தியார்.

அவர் ஒதுங்கிப் போன இடத்தை அப்போதுதான் பார்த்தாள்.

மெஷின் வந்த அட்டைப்பெட்டி. பழைய பேப்பர்காரருக்காகக் காலையில் அவளே அங்கே வைத்தது. அதன்மேல் வழவழப்பான கலரில், பளபளக்கும் பைக்குள், தலையோடும் கண்ணோடும் ஒரு முழு மீனின் படம்.

குடிவந்த ஆறு மாதத்தில் இந்தப் படியேறி வந்த மீன் அது ஒன்றுதான்.