பாட்டு முடியும்வரை

அந்த மனிதர் உள்ளே போகவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.

யூத ஜெப ஆலயத்தின் முன்கூடத்தில், வழிபாட்டு அறையின் பெரிய கதவை ஒட்டிய சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். கோட்டில் ஒரு பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. கனடாவின் வின்னிபெக் நகரத்துக் குளிரிலிருந்து வருகிற எவரும் முதலில் செய்வது அதைத்தான்.

வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

அன்று வாசற்காவல் ஷெல்டனின் முறை. அவர் சம்பளத்துக்குக் காவல் நிற்பவர் அல்ல, ஆலயத்து உறுப்பினர். பல காலம் பேருந்து ஓட்டியவர். எந்த இருக்கையிலிருந்து வம்பு கிளம்பும் என்று முன் கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

உள்ளே வெள்ளி மாலை வழிபாடு தொடங்கியிருந்தது. ஷெல்டனின் மகளும் பேத்திகளும் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று பாடிக்கொண்டிருந்தார்கள்.

காவல் மேசைக்கு அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் கதவுகள் பூட்டிக்கொள்ளும், போலீஸ் வந்துவிடும்.

"யாரது?" புதியவர்களை வரவேற்கும் மேசையிலிருந்து ரோஷெல் கிசுகிசுத்தாள்.

"தெரியல. அதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"போன வாரம் குழாய் ரிப்பேருக்கு வந்தவரோட சாப்பாட்டு டப்பாவையே தொறந்து பாத்த ஆளாச்சே நீங்க. இன்னைக்குப் புதுக் குடும்பங்க வர்ற நாள், ஷெல்டன். கொஞ்சம் சிரிங்க."

"சிரிக்கிறதுக்கு நீ இருக்கே. முறைக்கிறதுக்கு நான்."

அவள் உதட்டைச் சுழித்துவிட்டு, விருந்துக்கான ரொட்டிகளைப் பார்க்கச் சமையலறைக்குப் போனாள்.

ஷெல்டன் அந்த மனிதரிடம் போனார்.

"உள்ள போங்களேன் சார். எடம் இருக்கு."

"இப்பப் போகக் கூடாது. பாட்டு முடியட்டும்."

சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தார். பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கடைசி அடி வந்ததும் இங்கயும் எல்லாரும் வாசப்பக்கம் திரும்புவாங்க, இல்லையா?"

ஷெல்டன் அவருடைய கோட்டுப் பையைப் பார்த்தார்.

வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளை மணப்பெண்ணாக எண்ணி வரவேற்கிற பாட்டு அது. கடைசி அடியில் சபை முழுவதும் வாசலை நோக்கித் திரும்பித் தலைவணங்கும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதை ஒருவர் கேட்டு உறுதிசெய்துகொள்வது எதற்காக?

"கையை வெளிய எடுங்க."

அவர் எடுத்தார். வெறுங்கை. நடுங்கிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்தும் ஷெல்டனுக்கு மனம் ஆறவில்லை. நல்லெண்ணத்தோடு வந்தவனுக்குக் கை ஏன் நடுங்க வேண்டும்? பல நாள் சவரம் காணாத முகம். தூக்கமே இல்லாத கண்கள்.

பின்னோக்கி நடந்தே மேசைக்கு வந்தார். விரல் பொத்தானைத் தேடிக்கொண்டது.

அப்போது ரோஷெல் தட்டோடு திரும்பி வந்தாள். தட்டை வைத்துவிட்டு நேரே அந்த மனிதரிடம் போனாள்.

"உங்க பேரைச் சொல்லவே இல்லையே?"

"ஃபார்பர். செலிக் ஃபார்பர்."

"அட, நம்ம புது ஆளு! ரெஜைனாவுலேருந்து குடிவர்றவங்கதானே?" மேசையிலிருந்து இரண்டு பெயர் அட்டைகளைத் தேடி எடுத்து நீட்டினாள். "செலிக், டோபா. ரெண்டும் ரெடி. டோபாம்மா எங்க? வண்டிய நிறுத்துறாங்களா?"

அவர் ஓர் அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"புதன்கிழமை அவளை ரெஜைனாவுல, அவ அம்மா பக்கத்துல படுக்க வச்சுட்டு வந்தேன். வீட்டைத்தான் ஏற்கெனவே இங்க மாத்தியாச்சே."

ஷெல்டனின் விரல் பொத்தானை விட்டு விலகியது.

துக்கத்தின் முதல் வாரத்தில் இருக்கிறவர் மணப்பெண்ணை அழைக்கும் பாட்டில் சேரமாட்டார். அது முடியும்வரை வெளியே காத்திருப்பார். முடிந்ததும் உள்ளே வருவார், சபை அவரைப் பார்த்து ஆறுதல் சொல்லும். நடக்கப் பழகிய வயதிலிருந்தே ஷெல்டன் அறிந்த வழக்கம் அது.

ஆனால் அவர் பார்த்த துக்கக்காரர்கள் எல்லோரும் தெரிந்தவர்கள். பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் சூழ நிற்பார்கள். மதகுருவான ரபையே வெளியே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போவார். தன்னந்தனியாக ஒருவர் அங்கே நின்று அவர் பார்த்ததில்லை.

துக்கத்தில் இருக்கிறவனும் தீங்கு நினைக்கிறவனும் தள்ளி நின்று பார்த்தால் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். கிட்டப்போய் ஒரு வார்த்தை விசாரிக்கிறவர்களுக்கே வித்தியாசம் தெரியும்.

உள்ளே கடைசி அடி தொடங்கியது. காலடிகள் புரளும் ஓசை கேட்டது. எல்லோரும் வாசலை நோக்கித் திரும்புகிறார்கள். பாட்டு முடிந்ததும் மறுபடி முன்பக்கம் திரும்பிவிடுவார்கள். வெளியே ஒருவர் காத்திருப்பது ரபைக்கும் தெரியாது.

பாட்டு நின்றது.

செலிக் கதவில் கையை வைத்தார். தள்ளவில்லை.

ஷெல்டன் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். கதவை அகலத் திறந்தார். செலிக்கின் முழங்கையைப் பற்றிக்கொண்டு உள்ளே நடந்தார்.

"இவர் செலிக். டோபா ஃபார்பரோட வீட்டுக்காரர்" என்றார் உரக்க. "துக்கத்துல இருக்கார்."

திரும்பிக்கொண்டிருந்த முகங்கள் நின்றன. அந்த அந்நியரைப் பார்த்து, பெரியவர்களும் குழந்தைகளும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கப்படுகிற எல்லோரோடும் ஆண்டவர் உம்மைத் தேற்றுவாராக."

புது உறுப்பினரிடம் அந்தச் சபை பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கடைசி வரிசையில் செலிக் உட்கார்ந்தார். கை இன்னும் நடுங்கியது. ஷெல்டனும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

வழிபாடு முடிகிறவரை அன்று ஆலய வாசலில் காவல் இல்லை.