பின்சக்கரத்துப் பேட்

மலைப்பாதையில் பறக்கவென்றே வாங்கிய பைக்கின் தேய்ந்த பிரேக் பேடை சம்பத் கடை மேசையில் வைத்தான். கடைக்காரர் திருப்பிப் பார்த்தார். இரும்பே தெரிந்தது.

“மலையில ஓட்டித் தேஞ்சதுங்களா?”

“டவுனுக்குள்ளதாங்க.”

“அப்ப பிரேக்குல இருந்து காலை எடுக்கறதே இல்லையாட்ட இருக்குது!”

பைக் வாங்கிய நாள் முதல் பின்னால் உட்கார்ந்து “மெதுவா, மாப்ளே” என்றபடியே வரும் மாமனார், பக்கத்தில் நின்றவர், முந்திக்கொண்டார். “நான் எடுக்க விட்டாத்தானுங்க!”

கடைக்காரர் இரண்டு டப்பாக்களைத் திறந்தார். “இது சேத்துலயும் கவ்விப் பிடிக்கும், ஆனா டிஸ்க்கைத் தின்னுபோடும். இது மெத்துனு பிடிக்கும், சீக்கிரம் தேயும். எது வேணும்?”

“கவ்விப் பிடிக்கிறதையே குடுங்க” என்று மாமனார் சம்பத்தின் தோளைப் பற்றினார்.

சம்பத் தலையாட்டினான். மேசைக்கடியில் அவனுடைய வலது கால், யாரும் சொல்லாமலேயே, வெறுந்தரையை அழுத்திக்கொண்டிருந்தது.