கசப்புத் தீர்த்தம்

"மாத்திரையைப் பொடி பண்ணிக் கொண்டாந்திருக்கேன் சாமி. தெனம் ஒரு பொட்டலம் தீர்த்தத்துல கலந்து சவரியம்மாளுக்குக் குடுத்துடுங்க. அவங்களுக்குத் தெரியவே வேணாம்" என்றார் கம்பவுண்டர் கலியபெருமாள்.

பங்குச் சாமியார் அருளானந்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்துபோய்ச் செஞ்சிக் கோட்டைப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"இன்னா பேசுறீங்க கலியபெருமாள்? மாதா பேரைச் சொல்லி ஒரு பொம்பளையை ஏமாத்தச் சொல்றீங்களா?"

"ஏமாத்துறது எங்க சாமி? தீர்த்தம்னு குடுக்கறீங்க, அது தீர்த்தம்தான? உள்ள இன்னா இருக்குதுன்னு கேட்டாத்தான பொய் சொல்லணும்?"

இருபது வருஷமாக செஞ்சி ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிற மனுஷனிடம் பேசி ஜெயிக்க முடியுமா? சாமியார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

சவரியம்மாள் விதவை. சிங்கவரம் பக்கம் வேர்க்கடலை விளைகிற அரைக் காணி மல்லாட்டைக் கொல்லை, கல்யாண வயதில் ஒரே பெண் லில்லி, அவ்வளவுதான் அவள் சொத்து. போன மாதம் இருமலில் ரத்தம் வந்தது. சளியைச் சோதித்துப் பார்த்த டாக்டர் டி.பி. என்றார். ஒன்றரை வருஷம் தினம் ஆஸ்பத்திரிக்கு வந்து விடாமல் மாத்திரை சாப்பிட்டால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் அடுத்த ஈஸ்டரை, அந்தப் பாஸ்கா பண்டிகையைப் பார்க்க மாட்டாள் என்றும் சொல்லிவிட்டார்.

ஊருக்கு இது தெரியாது. சவரியம்மாளுக்குச் சளி பிடித்திருக்கிறது, அவள் பிடிவாதக்காரி, இவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் கலையுமுன் கோயில் வாசலில் நின்றுகொண்டு, "எனக்கு இங்கிலீஷ் மருந்து ஆவாது. மாதா தீர்த்தம் குடிச்சாப் போதும்" என்று நாலு பேர் காதில் விழச் சொன்னாள்.

சாமியார் குருமடம் போகுமுன் காலேஜில் ரசாயனம் படித்தவர். "மருந்து கண்டுபிடிக்கிற மூளையும் ஆண்டவர் குடுத்ததுதாம்மா" என்று எடுத்துச் சொன்னார். "சாமியே இப்படிப் பேசினா நாங்க யாரை நம்புறது?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். விஞ்ஞானமும் விசுவாசமும் சண்டைக்காரர்கள் இல்லை என்று எத்தனையோ தடவை பிரசங்கம் செய்தவர்தான் சாமியார். ரெண்டையும் ஒரே டம்ளரில் ஊற்றச் சொன்னபோதுதான் அவருக்கு மனசு ஒப்பவில்லை.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்காங்க சாமி" என்றார் கலியபெருமாள். "இந்த நேரத்துல அம்மாவும் போய்ட்டா அதுக்கு யாரு இருக்கா?"

சாமியார் பொட்டலங்களை வாங்கி மேசை டிராயரில் வைத்தார்.

மறுநாள் காலை, அந்தக் காலத்து வழக்கப்படி லத்தீனில் பூசை முடிந்ததும் சவரியம்மாள் டம்ளரோடு வந்து நின்றாள். தீர்த்தத்தில் மந்திரித்த உப்புப் போடுவது வழக்கம். பொடி போடச் சொல்லி எந்தப் பூசைப் புத்தகத்திலும் இல்லை. ஒரு வாய் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னா சாமி, கசக்குது?"

சாமியாருக்கு வேர்த்துவிட்டது. பொய் சொல்ல வாயும் வரவில்லை, நிஜத்தைச் சொல்லத் தைரியமும் வரவில்லை.

"கசந்தா கசக்கட்டும், மாதா விட்ட வழி" என்று அவளே சொல்லிக்கொண்டு, மிச்சத்தை மடக்கென்று குடித்துவிட்டுப் போனாள்.

ஒன்றரை வருஷம், மழையோ வெயிலோ, ஒரு நாள் தவறவில்லை. ஆறே மாதத்தில் இருமல் நின்றது, உடம்பும் தேறியது. அடுத்த வருஷம் பாஸ்கா முடிந்த கையோடு லில்லிக்கு அதே கோயிலில் கல்யாணமும் ஆயிற்று. சாமியாருக்குச் சந்தோஷம்தான். ஆனால் தூக்கம் போய்விட்டது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? இருமலுக்குக் கசப்புத் தீர்த்தம் கைகண்ட மருந்து என்று பேச்சு பரவியது. தொண்டூரிலிருந்து ஒரு டி.பி. நோயாளி ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாட்டிலோடு வந்து நின்றான். இனியும் மூடி மறைத்தால் ஒரு உயிர் போய்விடும். முதலில் சவரியம்மாளிடம் சொல்லியாக வேண்டும் என்று சாமியார் அன்றைக்கே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"உன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும் சவரியம்மா. உன்னைக் காப்பாத்தினது ஆஸ்பத்திரி மாத்திரை. கலியபெருமாள் குடுத்தாரு, நான் தீர்த்தத்துல கலந்தேன். உன் விசுவாசத்தை வெச்சே உன்னை ஏமாத்திட்டேன். இப்ப தொண்டூர் ஆளு ஒருத்தன் டி.பி. மாத்திரையை நிறுத்திட்டுத் தீர்த்தம் கேட்டு வந்து நிக்கிறான்."

ஊரைக் கூட்டி அழுவாளோ, இனி கோயில் வாசப்படியே மிதிக்க மாட்டாளோ என்று பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தார்.

சவரியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அந்தத் தொண்டூர் ஆளை இப்பவே ஆஸ்பத்திரிக்குத் துரத்துங்க சாமி" என்றாள்.

"என்மேல உனக்குக் கோவம் இல்லியா?"

"தெனம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும், வீட்டுல மாத்திரை வெச்சிருந்தாலும் ஊருக்குத் தெரிஞ்சிருக்கும், டி.பி.க்காரி பொண்ணுன்னு லில்லியை எவனும் கட்டியிருக்க மாட்டான். கோயிலுக்குப் போனா பக்தின்னுதான சொல்லுவாங்க? உங்ககிட்ட நேரா கேட்டிருந்தா, மறைக்கிறது பாவம்னு பிரசங்கம் பண்ணியிருப்பீங்க. அதான் சாமி, மாத்திரையைப் பொடி பண்ணி உங்ககிட்ட குடுக்கச் சொல்லி, கலியபெருமாளை நானே அனுப்பி வெச்சேன்."