கெட்டிமேளம் முழங்கிய பிறகும்

கெட்டிமேளம் முழங்கிவிட்டது. அட்சதையும் விழத் தொடங்கியது. ஆனால் தாலி மாப்பிள்ளை சிவராமனின் கையிலேயே நின்றது.

சந்திரலேகா குனிந்த தலையை லேசாக நிமிர்த்தினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் தலை மட்டும் தெரிந்த ஓர் இளம்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணின் கண்கள் கலங்கியிருந்தன. வேண்டாம் என்பதுபோல் அவள் தலையாட்டினாள்.

சுரக்குடி அத்தை காலையில் சொன்னது உண்மைதானா? ‘மாப்பிள்ளை பைக்குல எப்பவும் ஒரு பொண்ணு போவுதாம்டி.’

“கட்டுங்க மாப்பிள்ளை, முகூர்த்தம் தாண்டுது.” அப்பா அவசரப்படுத்தினார்.

“ஒரு நிமிஷம் மாமா.”

“யாருங்க அவ?” சந்திரலேகா உதடு அசையாமல் கேட்டாள்.

தலத்தெரு ஊரே திரண்டிருக்கும் சபையில் இவன் எழுந்து போய்விட்டால்? அப்பா தாங்கமாட்டாரே.

அந்தப் பெண் குனிந்து பையைத் துழாவி எதையோ எடுத்தாள். “இப்பக் கட்டுங்கண்ணே.”

பளிச்சென்று ஒளி அடித்தது. முதல் முடிச்சு விழுந்தது.

“அது நம்ம ஸ்டுடியோவுல வேலை பாக்குற பாரதி, படம் புடிக்க என்னோட பைக்குலதான் வரும்” என்று சந்திரலேகாவின் காதருகே சொன்னான் சிவராமன். “பெரிய கேமரா லாக் ஆகி நின்னுடுச்சு. சின்ன டிஜிட்டல் கேமராவை எடுக்கட்டும்னு காத்திருந்தேன். ஊர்ல எல்லாரும் தாலி கட்டுறதைப் படம் புடிச்சவன், என் கல்யாணத்துல அதை விட்டுட முடியுமா?”

“பயத்துல என் மூஞ்சி எப்படி விழுந்திருக்கோ.”

“டிஜிட்டல்தான லேகா. அழிச்சிட்டு மறுபடி எடுத்துக்கலாம்.”

“அப்ப தாலியையும் மறுபடி கட்டுவீங்களாக்கும்?”