மூன்று நாள் நீலம்

"இந்தாங்க பாய், உங்க நீலம். நமக்கு ஆகாது." புஜத்தில் கட்டியிருந்த துணி முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தார் சோலைமுத்து. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பக்கத்தில் மனைவி அய்யம்மாள் நின்றாள்.

நீலக் கல் ஒத்துவருமா என்று வாங்குமுன் மூன்று நாள் கட்டிப் பார்ப்பது வழக்கம்.

"என்னாச்சு?" என்றார் கல் வியாபாரி சௌகத் அலி.

"முத நாளு மாடு நொண்டிருச்சு. மறுநாளு கிணத்து மோட்டார் புகைஞ்சிருச்சு. பயந்துபோய், பொண்ணு கேட்டு வந்த வடமதுரைக்காரங்களையும் திருப்பி அனுப்பிட்டேன். செத்த சீக்கிரம் எடுத்து உள்ள வைங்க."

சௌகத் அலி முடிச்சைப் பிரித்துப் பார்த்தார்; சந்தேகப்பட்டு ஒரு மாணிக்கத்தின் முனையால் கல்லைக் கீறினார். கோடு விழுந்தது.

"நீலத்துல இப்படிக் கோடு விழாது, சோலைமுத்து. இது வெறும் நீலப் படிகம். நான் குடுத்த கல்லு எங்க?"

சோலைமுத்து துணியை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். தோட்டத்தையே விற்றாலும் அந்தக் கல்லுக்கு ஈடு கட்ட முடியாது.

அய்யம்மாள் மடியிலிருந்து நீலத்தை எடுத்து வைத்தாள். "கையில கட்டிக்கிட்டுக் கிணத்துல இறங்குவாரு. விழுந்துட்டா யாரு தேடுறது? நாகல் நகர்ல எங்க அண்ணன் பெட்டியில பத்திரமா வச்சுட்டு, என் மாலைக் கல்லு ஒண்ணைத் துணியில முடிஞ்சு கட்டிவிட்டேன். இன்னைக்குக் காலையிலதான் போய் வாங்கிட்டு வந்தேன்."

"ஏ புள்ள, இதை அன்னைக்கே சொல்லலாம்ல?"

"நான் சொல்லி என்னைக்கு நம்புனீங்க? அது நீலமே இல்லைன்னு பாய் வாயால வரட்டும்னுதான் இருந்தேன்."

சோலைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பாய், வடமதுரைக்கு இப்ப பஸ் இருக்கா?"