முதல் துளிக்குக் காவல்

அல்ஜீரியப் பாலைவனத்தில், ஹாஸ்ஸி ருமெல் எரிவாயு வயலின் ஆய்வகத்தில் எரிவாயு நிரப்பிய கலத்தின் கண்ணாடிச் சன்னல் முன்னால் நானும் லூனிஸும் உட்கார்ந்திருந்தோம். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் அந்த வாயுவில் முதல் எண்ணெய்த் துளி அரும்பும். அது எந்த அழுத்தத்தில் என்று இருவரும் பார்த்துச் சொன்னால்தான் குறிப்பேட்டில் ஏறும்.

“நம்ம கல்யாணத்துக்கு என்ன சொல்ற, தஸாதித்?” என்று லூனிஸ் காலையிலேயே என்னிடம் கேட்டிருந்தான்.

“முதல் துளி வரட்டும், சொல்றேன்.”

அவன் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வை மெல்லத் திருப்பினான். “தெரியுதா?”

“இல்லையே. உனக்கு?”

“ம்ஹூம்.”

புதினாத் தேநீர் இரண்டு முறை ஆறிப்போனது.

மதியம் தலைமைப் பொறியாளர் லக்தர் வந்து சன்னலில் குனிந்தார்.

“அட குருட்டுப் பசங்களா! அடியில குளமே கட்டி நிக்குது! முதல் துளி எதுல வந்துச்சுன்னு இனி யாரைப் போய்க் கேட்கிறது?”

“முந்நூத்திப் பத்துல!”

எங்கள் இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

லூனிஸின் காதுகள் சிவந்தன. “நீ மாட்டேன்னு சொல்லிட்டா... அந்தப் பயம்தான். நீ ஏன் மறைச்ச?”

“சரின்னு சொன்னதும் ஊருக்கெல்லாம் சொல்ல எந்திரிச்சு ஓடிடுவே. இப்படிப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது நல்லா இருந்துச்சு.”

அவன் எழுந்து ஓடியே போனான்.